கடைக் கணக்கும் கணினியும்: வியாபாரி எங்கே தடுமாறுகிறார்?

தென்காசி கடைவீதியில் இன்று கணினி இல்லாத மொத்தக் கடையைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்தக் கணினிக்குப் பக்கத்திலேயே நீள நோட்டு ஒன்றும் இருக்கும். கணினியில் இருப்பது அரசாங்கத்துக்கான கணக்கு. நோட்டில் இருப்பது முதலாளிக்குப் புரிகிற கணக்கு. "ஒரே கடைக்கு எதற்கு இரண்டு கணக்கு?" என்று கேட்டால், "அதுல என்ன இருக்குன்னு நமக்கு எங்க ஹஜ்ரத் தெரியுது? கணக்குப்பிள்ளை வந்தாத்தான் தெரியும்" என்பார்கள்.

குற்றால சீசன் கடைக்காரர், செங்கோட்டை எல்லையில் ஹோட்டல் நடத்துபவர், கடையநல்லூர் ஜவுளி வியாபாரி என எல்லோரிடமும் இந்தப் பதில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள், வாங்கியவருக்கே புரியாமல் இருக்கிறது. இதில் வரி, அபராதம் மட்டுமல்ல, நம் ஜகாத்தும் சிக்கியிருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

எழுதுபவர் வேறு, சொல்பவர் வேறு

அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் கடன் கணக்கை எழுதிவைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக் கடன் சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்று அது கட்டளையிடுகிறது. எழுதுபவர் நியாயமாக எழுத வேண்டும் என்கிறது. அதோடு, வாசகத்தைச் சொல்லும் பொறுப்பை எழுதுபவரிடம் விடாமல் கடன்பட்டவரிடமே ஒப்படைக்கிறது.

அந்தப் பிரிவினையை நம் கடைக்கும் பொருத்திப் பார்க்கலாம். கணக்குப்பிள்ளையும் கணினியும் எழுதுபவர்கள் மட்டுமே. என்ன எழுத வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் முதலாளி. முதலாளி சொல்வதை நிறுத்திவிட்டு எழுதுபவரையே நம்பி உட்காரும்போது தடுமாற்றம் தொடங்குகிறது.

ஒரு வியாபாரியின் எரிச்சலில் பிறந்த மென்பொருள்

இந்தியாவில் கணக்கு மென்பொருள் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் டேலி. அது பிறந்த கதையே ஒரு வியாபாரியின் சலிப்புதான். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் உள்ள ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர பாகங்களும் விற்றுவந்த ஷியாம் சுந்தர் கோயங்காவுக்கு, தம் கணக்கை ஒழுங்காகப் பார்க்க உதவும் மென்பொருள் கிடைக்கவில்லை. கணிதப் பட்டதாரியான மகன் பாரத் கோயங்காவிடம் ஒன்றைச் செய்துதரச் சொன்னார். 1986ல் பெங்களூரில் இப்படித் தொடங்கியதுதான் பின்னாளில் டேலி ஆனது. அக்காலத்து மென்பொருள்களில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் குறியீட்டை மனப்பாடம் செய்ய வேண்டும். வாடிக்கையாளரின் பெயரையே தட்டச்சு செய்தால் போதும் என்று மாற்றியதுதான் டேலியின் வெற்றி. 2020ல் பாரத் கோயங்காவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நம் பகுதிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கணக்கு மென்பொருள் தயாரிக்கும் இன்னொரு பெரிய நிறுவனமான ஸோஹோவின் அலுவலகம் தென்காசியை ஒட்டிய மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்குகிறது. உலகமெங்கும் மென்பொருள் விற்கும் நிறுவனம் பக்கத்து ஊரில் இருக்கிறது. ஆனாலும் நம் கடைவீதியில் நீள நோட்டு ஓயவில்லை. ஆகவே, எந்தக் கம்பெனியின் மென்பொருள் என்பது இங்கே முக்கியமல்ல. எந்த இடத்தில் சிக்கல் வருகிறது என்பதுதான் முக்கியம்.

முதல் சிக்கல்: பற்றும் வரவும்

வீட்டுப் பேச்சில் வரவு என்றால் கைக்கு வந்த பணம். மென்பொருளோ கல்லாவுக்குப் பணம் வந்தால் அதைப் பற்றுப் பக்கம், அதாவது டெபிட்டில் எழுதுகிறது. வங்கிப் பாஸ்புக்கில் பணம் போட்டால் கிரெடிட் என்று வருகிறது. அதே பணம் நம் கணினியில் டெபிட் என்று இருக்கிறது. இங்கேயே பாதிப் பேர், "இது நமக்கு ஆகாது" என்று எழுந்துவிடுகிறார்கள்.

விஷயம் எளிது. பெறும் கணக்கில் பற்று, கொடுக்கும் கணக்கில் வரவு. வாடிக்கையாளர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கல்லா பெறுகிறது, ஆகவே கல்லாக் கணக்கில் பற்று. அவர் கொடுக்கிறார், ஆகவே அவர் கணக்கில் வரவு. வங்கி தன் புத்தகத்தில் நம்மைக் கொடுத்தவராகப் பார்க்கிறது, ஆகவே அங்கே நம் பெயரில் வரவு. நம் புத்தகத்தில் வங்கி பெறுகிறது, ஆகவே இங்கே பற்று. இரண்டும் ஒரே நிகழ்ச்சியை இரு பக்கத்திலிருந்து பார்த்தவை.

இந்த இரட்டைப் பதிவு முறையை விளக்கி லூக்கா பச்சோலி வெனிஸ் நகரில் நூல் வெளியிட்டது 1494ல். நம் முன்னோர்கள் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று வைத்திருந்ததும் இதே போன்ற தேவைக்காகத்தான். கடையில் நாம் தினமும் புழங்கும் அசல், பாக்கி, வசூல் ஆகிய மூன்றுமே அரபியிலிருந்து வந்த சொற்கள். கணக்கு நமக்கு அந்நியமான கலை அல்ல. திரையில் தெரியும் ஆங்கிலம்தான் அந்நியம்.

இரண்டாவது சிக்கல்: 33ம் 32ம்

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தது. எல்லையோர வியாபாரிகளான நமக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. தமிழ்நாட்டுக்குள் விற்றால் வரி மத்திய, மாநில அரசுகளுக்கு இரு கூறாகப் பிரிகிறது. புளியரையைத் தாண்டிப் புனலூர் கடைக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. எது என்பதை மென்பொருள் தானாக யோசிப்பதில்லை. வாடிக்கையாளர் பெயரைப் பதியும்போது எந்த மாநிலம் என்று நாம் குறிக்கிறோமோ, அதை வைத்தே பிரிக்கிறது. அவசரத்தில் தமிழ்நாடு என்று விட்டுவிட்டால், அந்தக் கடைக்குப் போகும் ஒவ்வொரு பில்லும் தவறாகவே போகும்.

தடுக்க ஒரு சுலபமான வழி: பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 33 என்றால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளா. தவறிப் போய் மாற்றிக் கட்டிவிட்டாலும் சட்டம் வழி வைத்திருக்கிறது. சரியான வரியை வட்டி இல்லாமல் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதற்கு அலைய வேண்டும்.

குற்றாலத்தில் சீசன் வியாபாரம் செய்பவர்களுக்கு இன்னொன்று. கேரளத்திலிருந்து குளிக்க வந்தவர் கடையில் பொருள் வாங்குகிறார். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண வாடிக்கையாளர். 2023 அக்டோபர் 1 முதல் உள்ள விதிப்படி, பில்லில் அவருடைய முகவரியை எழுதினால் அந்த மாநிலத்துக்கு விற்றதாகிவிடும். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். முகவரி இல்லாத பில் என்றால் கடை இருக்கும் ஊரில் விற்றதாகக் கணக்கு. "பெயரும் ஊரும் போட்டுக் கொடுங்க" என்று வாடிக்கையாளர் சாதாரணமாகக் கேட்பது வரியின் வகையையே மாற்றிவிடுகிறது. பில் போடும் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரிகள் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து ஒரு சதவீத வரி கட்டலாம். ஆனால் அதில் சேர்ந்தவர் வெளிமாநிலத்துக்குப் பொருள் விற்கக் கூடாது, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவும் கூடாது. மென்பொருளில் பதிவு வகையைச் சரியாக அமைக்காவிட்டால், வரி சேர்த்த பில்லையே அது அச்சடித்துக் கொடுக்கும். சட்டப்படியும் தவறு, வாங்கியவரிடம் உரிமையில்லாத பணத்தை வாங்கிய பாவமும் சேரும்.

மூன்றாவது சிக்கல்: விகிதம் மாறிய இரவு

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் பெரிய அளவில் மாறின. 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் வந்தன. தலைக்கு வைக்கும் எண்ணெய், குளியல் சோப்பு, பற்பசை ஆகியவை 18லிருந்து 5 ஆயின. ஆயிரம் பொருள் விற்கும் பல்பொருள் அங்காடியில் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

பலர் பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதினார்கள். அது சரியான முறை அல்ல. எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று சேர்த்து எழுத வேண்டும். அப்போதுதான் பழைய பில்லைத் திறந்தாலும் பழைய விகிதமே நிற்கும். செப்டம்பர் 22க்கு முன்பு விற்ற பொருள் பின்னால் திரும்பி வந்தால், பழைய விகிதத்தில்தான் வரியைத் திருப்ப வேண்டும்.

இதில் தக்வா சம்பந்தப்பட்ட ஒரு கணக்கும் உண்டு. வரி நீங்கலாக நூறு ரூபாய்ப் பொருளை 18 சதவீதம் சேர்த்து 118க்கு விற்றோம். 5 சதவீதமானால் அது 105. பழைய விலையிலேயே விட்டுவிட்டால் அந்தப் பதின்மூன்று ரூபாய் யாருடையது? வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதால் அது நம்முடையது ஆகிவிடாது.

நான்காவது சிக்கல்: நம் கணினி சொல்வதும் அரசின் கணினி சொல்வதும்

சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக் கொள்ளலாம். இதுதான் ஜிஎஸ்டியின் அடிப்படை. ஆனால் 2022 ஜனவரி 1 முதல், நமக்குச் சரக்கு விற்றவர் தம் கணக்கைத் தாக்கல் செய்து, அது நம் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்தில் வந்தால்தான் கழிக்க முடியும். கணினியில் பில் ஏறியிருக்கும், பணமும் கொடுத்திருப்போம். அவர் தாக்கல் செய்யாவிட்டால் நமக்குக் கிடைக்காது. முதலாளி கணினியைத் திட்டுகிறார். கணினி மீது தவறில்லை, கணக்குப்பிள்ளை மீதும் தவறில்லை.

2பி ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வருகிறது. மாதாந்திரத் தாக்கலுக்கான 3பியின் கெடு 20ஆம் தேதி. இடையில் இருக்கும் ஐந்தாறு நாளில் இரண்டையும் ஒப்பிட்டு, வராத பில்களுக்கு விற்றவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். கெடு தவறினால் 3பிக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய், வரியே இல்லாத மாதம் என்றால் 20 ரூபாய், உச்சவரம்புக்கு உட்பட்டுத் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. வட்டியை விட்டு விலகி வாழ விரும்பும் நாம், கவனக்குறைவால் வட்டி கட்டும் நிலைக்கு ஆளாகலாமா? விற்றுமுதல் ஐந்து கோடிக்கு உட்பட்டவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதியைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம். சிறிய கடைக்கு இது பெரிய ஆறுதல்.

ஐந்தாவது சிக்கல்: கியூஆர் அட்டையில் வந்த பணம்

கடை மேசையில் வைத்திருக்கும் கியூஆர் அட்டை பலருக்கும் சொந்தச் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. கடைக் காசும், வளைகுடாவில் இருக்கும் தம்பி அனுப்பிய காசும், மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்றும் ஒரே கணக்கில் விழுகின்றன. மென்பொருளால் இதைப் பிரிக்க முடியாது. நம் நினைவாலும் ஆறு மாதம் கழித்துப் பிரிக்க முடியாது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோருக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. அவர்களில் வரியே இல்லாத காய்கறி விற்றவர்களும் இருந்தார்கள். தங்கள் விற்பனையில் எது வரி உள்ளது, எது இல்லாதது என்று காட்டக் கணக்கு இல்லாததால் திகைத்தார்கள். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குவதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை. முதலில் செய்ய வேண்டியது அது.

ஆறாவது சிக்கல்: சாவி யார் கையில்?

வாரத்துக்கு இரண்டு நாள் வரும் கணக்குப்பிள்ளையிடம் மட்டும் கடவுச்சொல் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடையின் கணக்கே பூட்டிக் கொள்கிறது. கணக்குப்பிள்ளை நல்லவர் என்பது வேறு விஷயம். அமானத்தை ஒப்படைத்தவர் அதைத் திறந்து பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரே கணினியின் ஹார்டு டிஸ்க்கை நம்பி ஆறு ஆண்டு இருக்க முடியுமா? சீசன் மழையில் மின்சாரம் போய் வருவது நமக்குத் தெரியாததா? வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.

இன்னொன்றையும் தயக்கமின்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் பயன்படுத்தும் உரிமத்துக்கே இருபதாயிரத்துக்கு மேல் ஆகிறது என்பதால், பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியைச் சிலர் ஏற்றிக் கொள்கிறார்கள். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் வணிகப் பெயரும் பொருள் மதிப்புள்ள உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறக் கூடாது என்றும் தீர்மானித்தது. ஹலாலான வருமானத்தின் கணக்கைத் திருடிய கருவியில் எழுதுவது நமக்குப் பொருந்தாது. வசதியில்லாதவருக்கு வழி இல்லாமலும் இல்லை. விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டவர்களுக்கு இலவசக் கணக்கு மென்பொருள் தருவதாக ஜிஎஸ்டி இணையதளத்தை நடத்தும் நிறுவனமே 2019ல் அறிவித்தது. அதுவும் ஒத்துவராவிட்டால் நேர்மையாக எழுதிய நோட்டே மேல்.

ஜகாத்தைக் கணினி சொல்லாது

ஆண்டு முடிவில் மென்பொருள் காட்டும் லாபத் தொகையில் இரண்டரை சதவீதம் எடுத்து ஜகாத் கொடுத்துவிட்டதாகச் சிலர் நிம்மதி அடைகிறார்கள். வியாபார ஜகாத் லாபத்தின் மீது அல்ல. நிஸாப் அளவை அடைந்து ஓராண்டு கடந்த வியாபார முதலின் மீது. நஷ்டம் வந்த ஆண்டிலும் ஜகாத் கடமையாக இருக்கலாம்.

மென்பொருள் மூன்று இடத்தில் நம்மிடமிருந்து வேறுபடுகிறது. ஒன்று, அது பொதுவாகச் சரக்கை வாங்கிய விலையில் காட்டும். ஜகாத்துக்கு அன்றைய சந்தை விலை வேண்டும். இரண்டு, சொத்துப் பட்டியலில் குளிர்பதனப் பெட்டி, அலமாரி, வண்டி எல்லாவற்றையும் சேர்க்கும். விற்பனைக்கு இல்லாத அவற்றுக்கு ஜகாத் இல்லை. மூன்று, அதன் ஆண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. நம் ஆண்டு பிறைக் கணக்கு, சுமார் 354 நாள். ஒவ்வொரு மார்ச் 31லும் கொடுத்துவந்தால் ஏறக்குறைய முப்பத்து மூன்று ஆண்டில் ஓர் ஆண்டு ஜகாத்தே விடுபட்டுப் போகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ரமலான் முதல் பிறையன்று கடையில் உள்ள சரக்கின் சந்தை மதிப்பு 6,00,000 ரூபாய். கையிலும் வங்கியிலும் 1,23,000. அதில் 3,000 வங்கி போட்ட வட்டி. அது நம் பொருளே அல்ல, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்து வெளியேற்ற வேண்டியது. மீதி 1,20,000. நிச்சயம் வரும் என்ற பாக்கி 1,00,000. ஆக 8,20,000. சரக்குக் கொடுத்தவருக்குத் தர வேண்டியது 2,00,000. வாடிக்கையாளரிடம் வசூலித்து இன்னும் அரசுக்குக் கட்டாத வரி 20,000. இரண்டையும் கழித்தால் 6,00,000. இரண்டரை சதவீதம் 15,000 ரூபாய். கடனைக் கழிப்பது ஹனஃபி மத்ஹபின் வழி. ஷாஃபியில் வலுவான கருத்து, கடன் ஜகாத்தைத் தடுக்காது என்பது. அவரவர் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இந்த எண்களில் சரக்கின் சந்தை விலையைத் தவிர மற்ற அனைத்தையும் கணினியே தரும், பதிவுகள் அன்றாடம் சரியாக ஏறியிருந்தால். டேலியில் ஐந்தொகையைத் திறந்து எஃப்2 விசையை அழுத்தித் தேதியை மாற்றினால் எந்த நாளின் நிலையும் தெரியும். வங்கி வட்டிக்கு மட்டும் தனிப் பேரேடு ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது "இதர வருமானம்" என்று லாபத்தில் கலந்துவிடும். கலந்த பிறகு பிரிப்பது கடினம்.

வீட்டில் இருக்கும் கணக்குப்பிள்ளை

மென்பொருள் வாங்கப் போகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை நான்கு. என் தொழிலுக்கு ஏற்ற பில்லை என் எதிரே போட்டுக் காட்ட முடியுமா? ஆண்டுச் சந்தாவைக் கட்டத் தவறினால் எது நின்றுபோகும்? என் கணக்கை நான் விரும்பும்போது வெளியே எடுத்து வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோக முடியுமா? கோளாறு வந்தால் தமிழில் பேசி வழிகாட்ட ஆள் உண்டா? நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால் அவசரப்பட வேண்டாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. நம் வீடுகளில் பி.காம் படித்த மகள்களும் மருமகள்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது, கடைக் கணக்கோ வெளியாள் கையில் இருக்கிறது. தினமும் இரவு அரை மணி நேரம் அன்றைய பில்களையும் கல்லாவையும் ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் ஒருவர் இருந்தால், மேலே சொன்ன சிக்கல்களில் பாதி மாதக் கடைசி வரை நீடிக்காது. மதரஸாவில் ஃபராயிழ் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கிற நாம், கடையின் பேரேட்டையும் படிக்கக் கற்றுக் கொடுப்பது பொருத்தமானதே.

கணக்குப்பிள்ளை பிழைவிட்டால் திருத்தலாம், கணினி கெட்டால் மாற்றலாம். ஆனால் வரித்துறை நோட்டீஸ் கடை முதலாளியின் பெயருக்குத்தான் வரும். மறுமையிலும் பொருளை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவிட்டாய் என்ற விசாரணை அவரவருக்குத்தான். ஆகவே எழுதும் கருவி எதுவானாலும் சொல்லும் இடத்தில் நாமே இருப்போம். அல்லாஹ் நம் வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.